90-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் ஏன் உதறுகிறது?

80 கி.மீ. வேகம் வரை ஒன்றும் தெரியாது. 90-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங்கில் மெல்லிய நடுக்கம் தொடங்கும். 100-இல் உள்ளங்கை குறுகுறுக்கிற அளவுக்கு உதறும். 120-ஐ நெருங்கினால் பாதியாகக் குறைந்துவிடும். கார் ஓட்டுகிற பலர் இதைப் பார்த்திருப்பார்கள். பட்டறைக்குப் போனால் வருகிற பதிலும் தெரிந்ததுதான்: "வீல் பேலன்சிங் பண்ணிடலாம் சார்." சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாகும்படி ரிம்மில் சிறு வெயிட் ஒட்டுவதுதான் அது. நிறையப் பேருக்கு அதோடு சரியாகிவிடும். சரியாகாதவர்கள் மறுபடி பேலன்சிங், பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பிறகு புது டயர் என்று செலவு செய்துகொண்டே போவார்கள். கடைசியில் "இந்த மாடலே அப்படித்தான்" என்று யாராவது சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

பெரும்பாலும் மாடல்மீது குற்றமில்லை. பேலன்சிங் மெஷின் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்று தெரியாமல் அதன் திரையில் தெரியும் பூஜ்ஜியத்தை நம்பிவிடுவதுதான் சிக்கல். மெஷின் அளப்பது எடைப் பங்கீட்டை. சக்கரம் வட்டமாக இருக்கிறதா, காரின் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் சுழலும் மையப் பகுதியில்) நடுவாக உட்கார்ந்திருக்கிறதா என்பது சாதாரண மெஷினுக்குத் தெரியாது. இந்த இரண்டும்தான் பல நேரம் எடையைவிடப் பெரிய ஆட்டத்தைத் தருகின்றன. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

20 கிராம் என்ன செய்யும்?

195/65 ஆர்15 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு சுமார் 28 மீட்டர் ஓடுகிறது. ஆக சக்கரம் நொடிக்கு 14 முறை சுழல்கிறது. ரிம்மின் விளிம்பில் ஓரிடத்தில் 20 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது வெளிப்பக்கமாக இழுக்கிற விசை கிட்டத்தட்ட 3 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுப்பு நொடிக்கு 14 முறை மேலும் கீழும் முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 50-இல் போகும்போது அது முக்கால் கிலோதான். 140-இல் ஆறு கிலோவை நெருங்கும்.

அப்படியானால் 140-இல் அல்லவா அதிகமாக உதற வேண்டும், ஏன் 100-இல் உதறிவிட்டு 120-இல் அடங்குகிறது? காரணம் அனுநாதம். சக்கரம், பிரேக், ஹப், அவற்றைக் காரோடு இணைக்கும் ஆர்ம் எல்லாம் சேர்ந்த கூட்டம் ஒரு பக்கம் டயரின் காற்று மெத்தைமீதும் மறுபக்கம் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கிலும் தொங்குகிறது. அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு இயல்பான அலைவு உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 முறைக்குள் இருக்கும். ஸ்டீயரிங் அமைப்பின் அலைவும் பல கார்களில் அதே அக்கம்பக்கம்தான். சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணோடு பொருந்தும்போது சின்ன உதறலும் பெரிதாகிக் கைக்கு வருகிறது. தாண்டிப் போனால் விசை கூடினாலும் கைக்கு வருவது குறைகிறது. "110-க்கு மேல போனா போயிடுது, அதனால அப்படியே ஓட்டிடறேன்" என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: உதறல் எங்கும் போகவில்லை. சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங்கும் அதைத் திரும்பவிடும் பால் ஜாயின்ட்டும் இன்னும் கூடுதலான அடியை வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது வட்டத்துக்கு வருவோம். சாதாரணக் கார் டயரை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அமுக்க சுமார் 20 கிலோ எடை வேண்டும். சக்கரத்தின் மையம் அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் டயர் ஒரு பக்கம் 10 கிலோ கூடுதலாகவும் மறுபக்கம் 10 கிலோ குறைவாகவும் தரையை அழுத்தும். 20 கிராம் எடைப் பிழை தந்தது 3 கிலோ. கண்ணுக்கே தெரியாத அரை மில்லிமீட்டர் தருவது 10 கிலோ. அதையும் அனுநாதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அச்சுத் துளை ஓரமாக விழுந்த மாட்டுவண்டிச் சக்கரத்தில் எத்தனை கல்லைக் கட்டி எடையைச் சரிசெய்தாலும் வண்டி ஏறி இறங்கித்தான் போகும். மெஷினில் பூஜ்ஜியம் காட்டிய சக்கரம் ரோட்டில் உதறுவதும் அதே கதைதான்.

கை வைக்கும் முன் நான்கு கேள்விகள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். முதலில், எப்போதிலிருந்து? பள்ளத்தில் இடித்த நாளிலிருந்தா, பஞ்சர் போட்ட பிறகா, சேற்றில் ஓட்டிவிட்டு வந்த மறுநாளா, மாதக்கணக்கில் நிறுத்திவைத்து எடுத்த பிறகா, புது அலாய் மாட்டிய பிறகா? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பல நேரம் மெஷினே தேவைப்படாது. சேற்றில் ஓடிய காரில் ரிம்மின் உட்புறம் காய்ந்த மண் கட்டியாக ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ரிம் பளபளவென்று இருக்கும். குனிந்து உள்ளே கை விட்டால்தான் தெரியும். 20 கிராம் மண் என்பது ஒரு சின்ன உருண்டை. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே உதறல் போய்விட்ட கார்கள் உண்டு.

அடுத்தது, எங்கே உதறுகிறது? ஸ்டீயரிங் இடவலமாக நடுங்கினால் முன் சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் தரையும் நடுங்கினால் பின் சக்கரங்கள். இது எல்லாக் காரிலும் அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. மின்சார ஸ்டீயரிங் உள்ள சில கார்கள் கைக்கு வரும் நடுக்கத்தை மட்டுப்படுத்திவிடும். ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல இடம்.

மூன்றாவது, பிரேக் மிதிக்கும்போது மட்டுமா? அப்படியென்றால் அது வேறு நோய், தனியாகப் பார்ப்போம். நான்காவது, ஆக்சிலரேட்டரோடு சம்பந்தம் உண்டா? காலியான நேரான சாலையில், உதறல் வரும் வேகத்தைக் கொஞ்சம் தாண்டி, காரை நியூட்ரலுக்கு மாற்றி உருளவிடுங்கள். இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள்; ஸ்டீயரிங், பிரேக் இரண்டின் உதவியும் போய்விடும். இன்ஜின் சுற்று விழுந்த பிறகும் அதே வேகத்தில் அதே உதறல் தொடர்ந்தால் சக்கரம், டயர், ஹப் பக்கம் போகலாம். உதறல் சட்டென்று நின்றுவிட்டால் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் அல்லது இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் பக்கம் பார்க்க வேண்டும். முன்சக்கர டிரைவ் கார்களில் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்தால், வேகமெடுக்கும்போது முன்பக்கம் முழுவதும் குலுங்கி, காலை எடுத்ததும் நின்றுவிடும். அந்த ஜாயின்ட்டுக்குள் மூன்று உருளைகள் உண்டு. அதனால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று குலுக்கல் வரும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் இது போகாது.

கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒன்று. அதிர்வின் எண்ணிக்கையை அளக்கும் செயலிகள் போனிலேயே உண்டு. சுமார் 2 மீட்டர் சுற்றளவுள்ள டயருக்கு, கார் போகும் வேகத்தை 7.2-ஆல் வகுத்தால் சக்கரம் நொடிக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். 100-க்கு 13.9. போனைத் தரையிலோ சீட் தண்டவாளத்திலோ அழுத்தி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்க்கட்டும். 100-இல் போகும்போது 14 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 14 முறை) முகடு தெரிந்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டுத் தட்டுகிறது. 28-இல் தெரிந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டு. டயரோ ரிம்மோ லேசாக நீள்வட்டமாகியிருக்கலாம். 40-க்கு மேல் என்றால் அது உதறலாக இல்லாமல் ரீங்காரமாகவே கேட்கும். இன்ஜினையோ, பின்சக்கர டிரைவ் காராக இருந்தால் நீள ஷாஃப்டையோ பார்க்க வேண்டும். அந்த ஷாஃப்ட் சக்கரத்தைவிட மூன்றரை, நான்கு மடங்கு வேகமாகச் சுழலும்.

சிலர் சொல்லும் ஒரு விநோதமான குறை உண்டு: "பத்து செகண்ட் உதறுது, பத்து செகண்ட் நிக்குது, மறுபடி உதறுது." மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது நிற்கிற நேரமாக அமைந்துவிட்டால் கார்காரரைத்தான் சந்தேகப்படுவார். இதற்கும் விளக்கம் எளிது. இடது, வலது இரண்டு சக்கரத்திலும் பிழை இருக்கிறது. ஆனால் இரண்டின் சுற்றளவும் துல்லியமாக ஒன்றல்ல. தேய்மானத்தாலோ காற்றழுத்தத்தாலோ அரை சதவீதம் வித்தியாசம் இருந்தால்கூட, 100 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 14 நொடிக்கு ஒருமுறை இரண்டின் உதறலும் சேர்ந்து கூடும், பிறகு ஒன்றை ஒன்று அழிக்கும். ஒரு வளைவில் திரும்பினாலும் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடுவதால் இந்தப் பொருத்தம் மாறிவிடும். வளைவுக்கு முன் இல்லாத உதறல் வளைவுக்குப் பின் வந்தால் சஸ்பென்ஷனைக் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

பேலன்சிங்குக்குக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாமல் பக்கத்தில் நிற்பது நல்லது. சக்கரத்தை மெஷினில் மாட்டுவதற்கு முன் ஆபரேட்டர் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய வெயிட்டுகளை எல்லாம் பிடுங்கினாரா, டயர் பள்ளங்களில் சிக்கிய கற்களை எடுத்தாரா, காற்றழுத்தம் பார்த்தாரா? பிறகு கோன். ரிம்மின் நடுத்துளையில் கூம்பு வடிவக் கோனைச் செருகித்தான் சக்கரத்தை மையப்படுத்துகிறார்கள். அந்தத் துளையில் துரு, பெயின்ட் திட்டு இருந்தாலோ, கோன் அளவு தவறினாலோ சக்கரம் மெஷினில் ஒரு மயிரிழை விலகி உட்காரும். டயரும் ரிம்மும் சேர்ந்து 16 கிலோ என்றால், 0.1 மி.மீ. விலகலே 8 கிராம் பொய்க்கணக்குக் காட்டும். அந்தப் பொய்யைச் சரிசெய்ய நிஜமான வெயிட்டை ஒட்டிவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பூஜ்ஜியம் காட்டிய பிறகு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழலவிடச் சொல்லுங்கள். மறுபடியும் பூஜ்ஜியமோ 5 கிராமுக்குள்ளோ வந்தால் நம்பலாம். 15, 20 என்று வந்தால் மையப்படுத்தியது தவறு, அல்லது மெஷினே சரியில்லை. இப்படிச் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கிற கடையைவிட, "செய்துட்டா போச்சு" என்கிற கடை மேல்.

இன்னொன்று, பல மெஷின்கள் சிறு பிழைகளைப் பூஜ்ஜியம் என்றே காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். நாலைந்து கிராம் மீதி இருந்தாலும் திரையில் பூஜ்ஜியம்தான். லேசான முன்பாகம் உள்ள கார்களில் அதுவே கைக்குத் தெரியும். உண்மையான எண்ணைக் காட்டும் பொத்தான் பெரும்பாலான மெஷின்களில் உண்டு, கேட்டால் அழுத்துவார்கள்.

ஒரே பக்கம் 60, 70 கிராம் வெயிட் வேண்டும் என்று மெஷின் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அவ்வளவு எடையை ஒட்டிச் சமாளிப்பது நோயை மூடி மறைப்பது. டயரை ரிம்மிலிருந்து கழற்றி அரைச் சுற்றுத் திருப்பி மாட்டினால், ரிம்மின் கனமான பக்கமும் டயரின் கனமான பக்கமும் எதிரெதிரே வந்து பாதி எடை குறைந்துவிடும். புது டயர்களின் பக்கச் சுவரில் மஞ்சள், சிவப்புப் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். வழக்கமாக மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம். அது காற்று வால்வுக்கு நேரே வர வேண்டும். சிவப்பு என்பது டயர் அதிகம் விறைப்பாக, உயரமாக இருக்கும் இடம். ரிம்மில் தாழ்ந்த பகுதி குறிக்கப்பட்டிருந்தால் அதற்கு நேரே வைக்க வேண்டும். இரண்டும் இருந்தால் உதறலுக்கு முக்கியம் சிவப்புதான். எடையை வெயிட் ஒட்டிச் சரிசெய்யலாம், வட்டத்தை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

வட்டத்தைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டும் என்றில்லை. சக்கரம் மெஷினில் மெதுவாகச் சுழலும்போது டயரின் மேற்பரப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்து, இடைவெளி கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆட்டமே கண்ணுக்குத் தெரியும். நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் ரிம்மையும் டயரையும் தனித்தனியாக அளக்கலாம். டயர் மாட்டிய சக்கரத்தின் மொத்த ஆட்டம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். ஒன்றரையைத் தாண்டினால் பேலன்சிங்கைப் பற்றிப் பேசுவதிலேயே பயனில்லை. ரிம் மட்டும் ஆடினால் ரிம் வளைந்திருக்கிறது. பள்ளத்தில் இடித்தால் பெரும்பாலும் உள்பக்க விளிம்புதான் வளையும். வெளிப்பக்கத்துக்கு ரிம்மின் ஆரக் கம்பிகளின் தாங்கல் இருக்கிறது, உள்பக்கத்துக்கு இல்லை. காரில் மாட்டியிருக்கும்போது எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் அளக்க, சுழலும் டயர்மீது ஒரு உருளையை நூற்றுக்கணக்கான கிலோ சுமையுடன் அழுத்திப் பார்க்கும் மெஷின்கள் இருக்கின்றன. ரோட் ஃபோர்ஸ் பேலன்சிங் என்று கேட்க வேண்டும். தரை டயரை அழுத்துவதுபோலவே அழுத்துவதால், வட்டமாகத் தெரிந்தும் ஒரு பக்கம் விறைப்பாக இருக்கிற டயரையும் பிடித்துவிடும். எல்லா ஊரிலும் இருக்காது. இரண்டு முறை சாதாரண பேலன்சிங் செய்தும் போகாத உதறலுக்கு மூன்றாவது முறை அதே மெஷினில் காசு கொடுப்பதைவிட இதைத் தேடிப் போகலாம்.

ஹப்பில் எப்படி உட்காருகிறது

மெஷினில் எல்லாம் சரி, காரில் மாட்டினால் உதறுகிறது என்றால் அடுத்தது ஹப். கம்பெனி ரிம்மின் நடுத்துளை ஹப்பின் உதட்டில் கச்சிதமாக உட்காரும்படி இருக்கும். சக்கரத்தை நடுவில் நிறுத்துவது அந்த உதடு. வெளியில் வாங்கும் அலாய்களைப் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் பெரிய துளையோடு செய்கிறார்கள். 73.1 மி.மீ. துளை சர்வசாதாரணம், உங்கள் காரின் ஹப் 54 அல்லது 60 மி.மீ.யாக இருக்கலாம். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் உண்டு. அதைப் போடாமல் விட்டால் நட்டுகளின் கூம்புதான் சக்கரத்தை மையப்படுத்த வேண்டும். கவனமாக மாட்டினால் அது போதும்; அவசரத்தில் மாட்டினால் அரை மில்லிமீட்டர் விலகுவது பெரிய காரியமே இல்லை. புது அலாய் மாட்டிய அன்றே தொடங்கிய உதறலுக்கு நான் முதலில் கேட்பது ஹப் ரிங் இருக்கிறதா என்றுதான். பழைய ரிம்முக்கான நட்டையே புது அலாய்க்கும் போட்டார்களா என்பது அடுத்த கேள்வி. கூம்பு நட்டு வேறு, உருண்டை நட்டு வேறு. மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது, ஒருநாள் கழன்றும் விழலாம்.

ஹப் முகத்தில் துரு ஏறியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே நட்டுகளைக் கையால் முடுக்கி, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் இரண்டு மூன்று சுற்றாக இறுக்கி, கடைசி இறுக்கத்தை மட்டும் தரையில் இறக்கியபின் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் கொடுக்க வேண்டும். முதல் நட்டையே நட்டு முடுக்கும் கன்னால் முழு பலத்தில் முடுக்கிவிட்டால் சக்கரம் அந்தப் பக்கமாக ஒதுங்கி அப்படியே பூட்டிக்கொள்ளும். கடைகளில் தினமும் நடப்பது இதுதான்.

இன்னும் சந்தேகம் தீரவில்லையென்றால், செலவில்லாத வழி ஒன்று: முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னவற்றை முன்னுக்கும் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஸ்டீயரிங் உதறல் சீட்டுக்குப் போய்விட்டால் சக்கரம்தான் குற்றவாளி. ஸ்டீயரிங்கிலேயே நின்றால் சக்கரத்தை விட்டுவிட்டு ஹப், பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷனைப் பார்க்கலாம். ஸ்டெப்னியும் அதே அளவாக இருந்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பதிலாக அதை மாட்டிப் பார்த்து எந்தச் சக்கரம் என்றே கண்டுபிடித்துவிடலாம்.

டயரே கெட்டிருந்தால்

நீண்ட நாள் ஒரே இடத்தில் நின்ற காரின் டயரில் தரையைத் தொட்ட இடம் தட்டையாகும். பத்து இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியதால் விழுந்த தட்டை அப்படிச் சரியாகாது. அங்கே ரப்பரே போய்விட்டது. பஞ்சருக்காக உள்ளே ஊற்றிய திரவம் ஓரிடத்தில் தேங்கி உதறலைத் தருவதும் உண்டு. இவற்றால் பெரும்பாலும் பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்தானது ஒன்று இருக்கிறது. டயருக்குள் இருக்கும் எஃகு பெல்ட் ரப்பரிலிருந்து பிரிந்தால் அந்த இடம் லேசாகப் புடைக்கும். 20, 30 கி.மீ. வேகத்திலேயே கார் மெதுவாகத் தள்ளாடுவதுபோல, ஸ்டீயரிங் இடவலம் தானாக அசைவதுபோல இருக்கும். வேகம் கூடக்கூட உதறல் கூடும், நாளுக்கு நாள் மோசமாகும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தால் டயரின் பள்ளக் கோடுகள் ஓரிடத்தில் பாம்புபோல நெளியும். கையால் தடவினால் மேடு தட்டுப்படும். இதற்கு பேலன்சிங் கிடையாது, ரிப்பேரும் கிடையாது. அந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். கோடுகள் ஆழமாக இருப்பதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுவது எளிது.

பிரேக்கில் மட்டும் வருகிற உதறல்

100-இலிருந்து பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஆடி, பெடலும் காலைத் தட்டினால் "டிஸ்க் பெண்ட்" என்பார்கள். உண்மையில் டிஸ்க் தட்டுபோல வளைவது அரிது. நடப்பது தடிமன் மாறுவது. டிஸ்க்கின் சுற்றில் ஓரிடம் மற்ற இடத்தைவிட 0.02 மி.மீ. தடித்திருந்தாலே காலுக்குத் தெரியும். அது எப்படி வருகிறது என்பதுதான் சுவாரசியம். டிஸ்க் ஹப்பில் துருவின் மீது உட்கார்ந்து துளி சாய்ந்திருந்தால், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம், டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பேடை உரசிப் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேயும், அல்லது அங்கே பேடின் பொருள் படியும். அதனால்தான் புது டிஸ்க் போட்டும் சில மாதத்தில் உதறல் திரும்பி வருகிறது. ஹப் முகத்தைச் சுத்தம் செய்யாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் அதே கதை மறுபடி தொடங்கும். சக்கர நட்டுகளைத் தாறுமாறாக இறுக்குவதும் டிஸ்க்கை இதே மாதிரி சாய்க்கும்.

ஓட்டத் தொடங்கும்போது ஒன்றும் இல்லாமல், அரைமணி நேரம் கழித்து உதறல் வந்து, நிறுத்தி ஆறவிட்டு எடுத்தால் போய்விடுகிறதா? பேடை அழுத்தும் காலிப்பர் சிக்கிப் பேட் உரசிக்கொண்டே இருக்கலாம். நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் அனல் அடிக்கும், கருகல் வாசனையும் வரும். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

அலைன்மென்ட்டும் மற்றவையும்

உதறலுக்கு அலைன்மென்ட் செய்வது பரவலான வீண்செலவு. கோணம் தவறினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அதுவாக நொடிக்கு 14 முறை நடுங்காது. கோணப் பிழையால் டயர் கோணலாகத் தேய்ந்து, அந்தத் தேய்மானத்தால் உதறல் வரலாம். அப்போதும் அலைன்மென்ட் இனி வரும் தேய்மானத்தைத்தான் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்த டயரைத் திருத்தாது.

சஸ்பென்ஷன் பாகங்கள் பெரும்பாலும் உதறலை உண்டாக்குவதில்லை, பெருக்குகின்றன. ஜாக்கியில் ஏற்றி, காரின் அடியில் ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடதும் வலதும் பிடித்து ஆட்டினால் தெரிவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட். லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், 10 கிராம் பிழைகூட 40 கிராம் மாதிரி உதறும். கெட்டுப்போன புஷ்ஷை மாற்றத்தான் வேண்டும். ஆனால் புஷ் மாற்றியதும் உதறல் பாதியானதை வைத்து வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டால், மீதி அடியைப் புது புஷ் வாங்கிக்கொண்டிருக்கும். ஷாக் அப்சார்பர் தளர்ந்தால் டயரில் குழிகுழியாகத் தேய்மானம் விழும். பேரிங் போனால் உதறலைவிட ஊளைச் சத்தம் முந்திக்கொள்ளும். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது அது கூடும், மறுபக்கம் குறையும்.

சக்கரம் கழற்றி மாட்டிய ஒன்றிரண்டு நாளில் திடீரென்று உதறலும் 'டக் டக்' சத்தமும் சேர்ந்து வந்தால், எதையும் யோசிக்காமல் ஓரம் கட்டி நட்டுகளைப் பார்க்க வேண்டும். சக்கரம் கழன்று ஓடுவதற்கு முன் கார் தருகிற எச்சரிக்கை அது.

எல்லாம் சரிசெய்து நன்றாக ஓடிய கார், ஒரு வாரத்தில் மறுபடி உதறினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். டயரை ரிம்மில் ஏற்றும்போது வழவழப்புக்குச் சோப்புக் குழைவு பூசுவார்கள். அது காய்வதற்குள் பலமாக பிரேக் மிதித்தாலோ சீறிக்கொண்டு கிளம்பினாலோ டயர் ரிம்மின்மீது சில சென்டிமீட்டர் வழுக்கி நகர்ந்துவிடும். வெயிட்டுகள் ரிம்மில் அதே இடத்தில் இருக்கும், டயரின் கனமான பக்கம் வேறெங்கோ போயிருக்கும். டயர் மாட்டிய அன்றே வால்வுக்கு நேரே டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவைத்தால், கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம். முதல் நூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள். அதற்குள் ஒருமுறை நட்டுகளின் டார்க்கையும் சரிபார்த்துவிடுங்கள்.